லோரி வருது, ஒதுக்கு

வண்டி கோயில் வாசல் மாதா கெபிக்கு முன்னால் நிற்கிறது என்று பமீலாவின் போன் அடித்துச் சொன்னது. பமீலாவும் மாதா கெபிக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். அங்கே மாதா இருந்தார், மெழுகுவர்த்தி இருந்தது, பூசை முடிந்து வெளியே வந்த சனம் இருந்தது. வண்டியைத்தான் காணோம்.

அது சாதாரண வண்டி இல்லை. மலேசியாவில் ரந்தாவ் பக்கத்தில் இருக்கும் அந்தத் தோட்டத்துக்கே முதல் மின்சார ஸ்கூட்டர். அந்த விலைக்கு இரண்டு பெட்ரோல் மோட்டார் சைக்கிள் வாங்கி, ஒன்றை வாசலில் அழகுக்கு நிறுத்தலாம் என்று அவள் அக்கா புருஷன் ஜோசப்ராஜ் தோட்டம் பூராவும் சொல்லிவைத்திருந்தார். பமீலா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்குச் சிரம்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. தோட்டத்துக்குள் பஸ் வருவது நின்று எத்தனையோ காலமாயிற்று. அதனால் போகவும் வரவும் ஜோசப்ராஜின் மோட்டாரில் பின்னால் உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தால் சும்மா விடுவாரா மனுஷன்? வழி நெடுக உபதேசம். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை, முடியைக் கத்தரித்துக்கொண்டாள், எதிர்த்துப் பேசுகிறாள். ஹெல்மெட்டையும் துளைத்துக்கொண்டு வரும் குரல் அவருக்கு. அந்தப் பின்சீட்டில் இனி ஏறுவதில்லை என்றுதான், வேலைக்குப் போன நாளிலிருந்து சேர்த்ததை எல்லாம் கொட்டி அவள் ஸ்கூட்டர் வாங்கினாள்.

அது களவு போன விதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். தோட்டத்து மாதா கோயிலுக்கு முன்னால் பாதை ரொம்ப ஒடுக்கம். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி அங்கே திரும்ப வேண்டுமானால், வாசலில் நிற்கிற மோட்டார்களை ஓரங்கட்டியாக வேண்டும். பூசை நடக்கும்போதே ஹாரன் கேட்கும். கடைசி வரிசைக்காரர்கள் எழுந்து போய், யார் வண்டி என்றெல்லாம் பார்க்காமல் கைக்குக் கிடைத்ததைத் தள்ளி நிறுத்திவிட்டு வந்து மறுபடி முழந்தாளிடுவார்கள். அதனால் அங்கே யாரும் ஹேண்டிலைப் பூட்டுவதில்லை. தப்பித் தவறிப் பூட்டியவனைப் பாதர் காதில் விழும்படியே திட்டுவார்கள். பமீலாவும் பூட்டியதில்லை. பூட்ட நினைக்காதவளுக்கு, தன் வண்டியில் பூட்டு என்று ஒன்றே இல்லை என்பது எப்படித் தெரியும்?

அந்த ஞாயிறும் ஹாரன் கேட்டது. ஆரஞ்சு நிற மேல்சட்டை மாட்டிய ஒருவனும் கூட்டத்தோடு சேர்ந்து தள்ளினான். லோரிக்காரருக்கு அவன் கோயில் ஆள். கோயில்காரர்களுக்கு அவன் லோரி ஆள். அவன் பமீலாவின் வண்டியைப் பிடித்தபோது பின்னால் கைகொடுத்துத் தள்ளிவிட்டவர் வேறு யாருமில்லை, நம்ம ஜோசப்ராஜேதான். "பாத்துப்பா, வெல கூடுன வண்டி" என்று புத்திமதியும் சொல்லி அனுப்பினார். லோரி திரும்பிப் போய்விட்டது. அவன் மட்டும் தள்ளிக்கொண்டே போயிருக்கிறான்.

போலீசில் சொல்லியாயிற்று. மறுநாள் காலை பமீலா மறுபடியும் பின்சீட்டில் ஏறினாள்.

"நான் அப்பவே சொன்னேன், கேட்டியா?" என்று தோட்டத்து எல்லை தாண்டும் முன்பே ஆரம்பித்தார் ஜோசப்ராஜ்.

"நீங்க தள்ளிவிட்டதையும் சேத்துச் சொல்லுங்க அத்தான்."

அவர் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மோட்டாரை முடுக்கினார். ஆனாலும் பமீலாவுக்கு மனசு ஆறவில்லை. வேலை முடிந்ததும் நேரே ஸ்கூட்டர் வாங்கிய கடைக்குப் போனாள்.

கடைக்காரர் ஹேமநாதனுக்குச் சிரித்த முகம். வாங்க சிஸ்டர், உட்காருங்க சிஸ்டர் என்று ஏகப்பட்ட உபசரிப்பு. விஷயத்தைக் கேட்டதும் உச்சுக்கொட்டினார்.

"லாக் போடலயா சிஸ்டர்?"

"லாக் எங்க இருக்கு? காட்டுங்க, தெரிஞ்சுக்கறேன்."

அவர் பக்கத்தில் நின்ற புது ஸ்கூட்டரை ஒரு சுற்றுப் பார்த்தார். "இது பழைய மோட்டார் மாதிரி இல்ல. எல்லாம் போன்லதான்லா. ஸ்மார்ட்டு."

"சரி. நிறுத்தி வச்ச வண்டியத் தள்ளுனா அலாரம் அடிக்குமா?"

"அடுத்த அப்டேட்ல வருது."

"சக்கரம் சுத்தாம இறுகிக்குமா?"

"அதுவும் வருது."

"எங்க கொண்டு போறான்னு போன் காட்டுமா?"

"கடைசியா நீங்க ஆஃப் பண்ண எடத்தக் காட்டும்."

"நான் ஆஃப் பண்ண எடம் எனக்கே தெரியுமே. அதச் சொல்ல ஒரு போனா?"

மூலை நாற்காலியில் காப்பி குடித்துக்கொண்டிருந்த பெரியவர் பக்கென்று சிரித்துவிட்டார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணேசமூர்த்தி அவர். அதே வகை ஸ்கூட்டருக்குப் பணம் கட்டியிருந்தார். சனிக்கிழமை லோரியில் வந்திறங்கும் என்று அப்போதுதான், பமீலாவின் காதிலும் விழும்படி, அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வாங்க வந்தவர் முன்னால் மானம் போகிறதே என்று ஹேமநாதனுக்கு முகம் சிவந்தது.

"தப்பு வண்டி மேல இல்ல சிஸ்டர். ஒங்க எஸ்டேட் ஆளுங்களே கூட நின்னு தள்ளி அனுப்பிட்டு, லாக் இல்ல, அலாரம் இல்லன்னா எப்படி? எங்க கடை வாசல்ல தெனமும் ஒன்னு நிக்குது. எவனாவது தொட்டானா? கவனம் வேணும். கவனம்தான் லாக்கு."

பமீலா நாற்காலியை விட்டு எழுந்தாள். காசையும் வாங்கிக்கொண்டு, பூட்டில்லாத வண்டியைத் தலையில் கட்டிவிட்டு, 'எஸ்டேட் ஆளுங்க' என்று இளக்காரமாக ஒரு பேச்சு வேறா?

"கவனமான ஆளு நீங்க நிக்கும்போதே அது போயிருச்சுன்னா?"

"போனா அது ஒங்களுக்குத்தான். எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஹேமநாதன் பெரிதாகச் சிரித்தார்.

"அங்கிளும் கேட்டுக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள் பமீலா.

தோட்டத்தில் அவளுக்கு அடுத்த வீடு முத்தாயி அக்கா. செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கி, கோணி கோணியாகச் சுமந்து உரமேறிய கை. பமீலா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "நம்ம பாக்காத லோரியா, தள்ளாத வண்டியா? வாடி போவோம்" என்றாள்.

சனிக்கிழமை பமீலா ஜோசப்ராஜின் பின்சீட்டிலும், முத்தாயி தன் பழைய மோட்டாரிலும் சிரம்பான் போனார்கள். கடைக்கு அடுத்த முனையில், ஒரு மரத்தடியில் பமீலாவும் ஜோசப்ராஜும் நின்றுகொண்டார்கள். வம்பு வேண்டாம் பமீலா, வீட்டுக்குப் போவோம் பமீலா என்று அவர் முணுமுணுத்தபடியே இருந்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லோரி வந்தது. கடையை ஒட்டி அதைப் பின்னால் எடுக்க வேண்டும். வாசலில் பலூன் கட்டி நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் குறுக்கே இருந்தது. ஹேமநாதன் ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் லோரிக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார். கணேசமூர்த்தி கடைக்குள்ளிருந்து ஆசையாக எட்டிப் பார்த்தார். அப்போது வெயில் தொப்பியும் நீளக் கைச்சட்டையுமாக முத்தாயி வந்து சேர்ந்தாள்.

"லோரி வருது, ஒதுக்கு, ஒதுக்கு" என்று காட்டில் கூப்பிடும் அதே குரலில் சொல்லிக்கொண்டு ஹேண்டிலைப் பிடித்தாள். அது சொன்ன பேச்சுக் கேட்டுத் திரும்பியது. ஹேமநாதன் பேச்சை நிறுத்தாமலேயே வந்து பின்னால் ஒரு கை கொடுத்துத் தள்ளினார்.

"அப்படியே ஓரமா விடுங்க ஆன்ட்டி. பாத்து, வெல கூடுன வண்டி."

லோரிச் சத்தத்துக்கு மேல் அவர் கத்தியது மரத்தடியில் நின்ற ஜோசப்ராஜுக்குத் தெளிவாகக் கேட்டது. மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார்.

முத்தாயி ஓரமாக விடவில்லை. மருந்துக் கடையைத் தாண்டி, சாப்பாட்டுக் கடையைத் தாண்டி, பலூன் ஆட ஆடத் தள்ளிக்கொண்டே வந்தாள். அலாரம் அடிக்கவில்லை, சக்கரம் இறுகவில்லை, ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வண்டி மரத்தடிக்கு வந்து நின்றதும் பமீலா போனை எடுத்தாள்.

"அண்ணே, பமீலா பேசறேன். ஒங்க வாசல் வண்டி எங்க நிக்குது?"

"வாசல்லதான்..." கடை வாசலுக்கு ஓடிவரும் காலடிச் சத்தம் போனில் கேட்டது.

"போன்ல பாருங்க."

"கடையிலதான் காட்டுது." குரல் இறங்கிவிட்டது.

"அப்ப கடையிலதான் இருக்கும். நல்லாத் தேடுங்க."

தூரத்தில் ஆடிய பலூனைக் கண்டு முனைக்கு ஓடிவந்தார் ஹேமநாதன். பின்னாலேயே கணேசமூர்த்தியும் வந்தார்.

"இது திருட்டு. போலீசக் கூப்புடுவேன்."

"கூப்புடுங்க. ஒங்க கடை வாசல் கேமராவுல மொதல்ல தெரியறது ஒங்க கைதான். ஏன் தள்ளுனீங்கன்னு கேப்பாங்க."

"லோரி வந்துச்சு. யாரோ ஒதவிக்கு வந்தவங்கன்னு நெனச்சு..."

"சொல்லுங்கண்ணே, முழுசாச் சொல்லுங்க. எஸ்டேட் ஆளுங்க நாங்களும் அப்படித்தான் நெனச்சோம்."

கணேசமூர்த்தி தொண்டையைக் கனைத்தார். "தம்பி, போனா எடுத்துக்கன்னு நீ சொன்னத நானும் கேட்டேன்லா. அது கெடக்கட்டும். லோரியில வந்துருக்கே என் வண்டி, அதுல லாக் இருக்கா, இல்லயா?"

"இல்ல அங்கிள்."

"சத்தமா" என்றாள் பமீலா.

"லாக் இல்ல" என்றார் ஹேமநாதன். சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல இரும்புச் சங்கிலி ஒன்று இலவசமாகத் தருகிறேன், இதோடு விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார்.

"சங்கிலிய நான் வாங்கிக்கறேன். நீங்க வண்டியக் குடுங்க."

இந்தப் பெண்ணுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினால்தான் தன் வண்டியை எடுப்பேன், இல்லாவிட்டால் கட்டின பணத்தைத் திருப்பிக் கொடு என்று கணேசமூர்த்தி கடைக்குத் திரும்பிப் போய் நாற்காலியில் அழுத்தி உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் ஆவதற்குள் ஸ்கூட்டர் பமீலாவின் பெயருக்கு மாறியது. ஜோசப்ராஜ் பின்சீட்டில் ஆளில்லாமல் தனியாக வீடு திரும்பினார்.

அடுத்த ஞாயிறு மாதா கோயில் வாசலில் எல்லா மோட்டாரும் எப்போதும்போல் பூட்டாமல் நின்றன. பமீலாவின் ஸ்கூட்டர் மட்டும் சங்கிலி போட்டு, கெபியின் இரும்புக் கம்பியோடு கட்டிக் கிடந்தது. தலைக்கனத்தைப் பாரு என்று பார்த்தவர்கள் எல்லாம் முணுமுணுத்தார்கள். பூசையின் நடுவே ஹாரன் கேட்டது. ஊரே திரும்பி அவளைப் பார்த்தது. பமீலா எழுந்து, தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியே போனாள். சங்கிலியைக் கழற்றி ஹேண்டிலைப் பிடித்தாள்.

ஜோசப்ராஜ் பழக்க தோஷத்தில் ஓடிவந்து பின்னால் கை வைத்தார்.

"கைய எடுங்க அத்தான். என் வண்டிய நானே தள்ளிக்குவேன்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். லோரிக்காரர் ஹாரனை நிறுத்திவிட்டு, அவள் தள்ளி முடிக்கும் வரை காத்திருந்தார்.