பல் இடுக்கை அடைத்தது யார்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அப்போதுதான் புதிதாகக் கேமரா வாங்கியிருந்தார். படங்களைத் திருத்த எந்த மென்பொருள் நல்லதென்று தெரியாமல், இலவசமாகக் கிடைத்த ஒன்றைக் கணினியில் இறக்கினார். மனைவி சிரிக்கும் படத்தை அதில் போட்டு, 'தானாகச் சரிசெய்' என்ற பொத்தானை அழுத்தினார். படம் பளிச்சென்று ஆனது.

மனைவி எட்டிப் பார்த்தாள். அவளுடைய முன்பல் இடுக்கைக் காணவில்லை.

"இதை யாரு அடைச்சது?"

"நான் தொடவே இல்லம்மா. அதுவா பண்ணிடுச்சு."

"அதுவா பண்ணுமா? இத்தனை வருஷமா மனசுல வச்சிருந்துட்டு, இப்ப கம்ப்யூட்டர் மேல பழி போடுறீங்களா?"

அவர் எவ்வளவோ சொல்லியும் அவள் நம்பவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருடைய படத்தைப் போட்டுத் தானே பொத்தானை அழுத்தினாள். வழுக்கைத் தலையில் கருகருவென்று முடி முளைத்தது.

"சரியான ஃபிராடா இருக்கே! கேக்காமலே கை வைக்குது. முதல்ல இதைத் தூக்குங்க."

அடுத்து இறக்கியது, எல்லாப் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டது. "எதுக்காம்?" என்று அவள் மறுத்துவிட்டாள். மூன்றாவதில் வெளிச்சத்தையும் நிறத்தையும் மட்டுமே மாற்ற முடியும், அதுவும் திரையிலுள்ள அளவுகோலைக் கையால் நகர்த்தித்தான். அது போதும் என்று முடிவானது.

அவர் மனைவியின் படத்தை அதில் போட்டு, பார்த்துப் பார்த்து நகர்த்தினார்.

"என்னங்க, மஞ்சக்காமாலை வந்தவ மாதிரி இருக்கேன்?"

"இது நான் பண்ணதுதான்."

அதை அவள் உடனே நம்பினாள்.