தூக்குவாளியில் என் இடம்

தியான நடன முகாமுக்குப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு வெற்றிடம் கொண்டுபோக வேண்டும். ஒருவர் சம்மணம் போட்டு உட்காரும் அளவாவது இருக்க வேண்டும். சொந்த வீட்டிலிருந்து எடுத்ததாகவும், மூடி போட்ட பாத்திரத்தில் வந்ததாகவும் இருந்தால்தான் வாசலில் வாங்கிக்கொள்வார்கள்.

அங்கே எல்லோரும் வட்டமாக நின்று, கைகளை முழுசாக நீட்டி, பக்கத்து ஆளின் விரல் நுனியைத் தொட்டபடி, பேசாமல் மெல்லச் சுற்றி ஆடுவார்கள். வட்டத்தின் நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது. அந்த ஒன்றுமில்லாததைத்தான் வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். போன வருடம் யாரோ புது ஃப்ரிட்ஜ் வாங்கி அதற்குள் இருந்ததை எடுத்துவந்துவிட்டார்களாம். ஆடிய அத்தனை பேருக்கும் பாதம் விறைத்துப்போனதாம். அதிலிருந்து கடையில் வாங்கியது செல்லாது.

இந்த விதியில் எனக்கு ஆட்சேபணை உண்டு. எனக்கு எல்லா விதியிலும் ஆட்சேபணை உண்டு என்று எங்கள் தத்துவத் துறையில் சொல்வார்கள். அதிலும் எனக்கு ஆட்சேபணை உண்டு. முகாமை நடத்தும் மாதங்கி அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"அக்கா, பங்களாவுல இருக்கறவங்களுக்கு ஹால் ஹாலாக் காலியாக் கெடக்கும். அள்ளிட்டு வந்துடுவாங்க. ரெண்டு ரூம் வீட்ல இருக்கறவ எங்க போவா?"

"மனசுலேர்ந்து எடுத்துட்டு வரலாமே கண்ணு," என்றார் அவர், வெண்ணெய் மாதிரிக் குரலில்.

"என் மனசுல இடமே இல்லக்கா. பூரா கேள்வி."

"அப்ப வீட்லயே தேடும்மா."

ஆன்மிகத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். அன்பாகக் கதவைத் திறப்பார்கள், அன்பாகவே சாத்துவார்கள்.

இவ்வளவு பேசுகிறவள் ஏன் அங்கே போகிறாய் என்று கேட்கலாம். எனக்கு ஆட வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் நீட்ட முடியாது. சின்ன வயதில் பரதம் கற்றபோது வலது கைக்குத் திங்கட்கிழமை, இடது கைக்குச் செவ்வாய்க்கிழமை என்று முறை வைத்துப் பழகினேன். மேடை ஏறிய அன்றுதான் இரண்டும் ஒன்றையொன்று முதல் தடவையாகப் பார்த்தன. பேச்சுவார்த்தை இல்லை. "போக்குவரத்துப் போலீஸ்கூட உன்னைவிட நல்லா ஆடுவார்டி," என்று டீச்சர் சொல்லிவிட்டார். விடுதி அறையிலும் கையை நீட்டினால் அடுத்த கட்டிலின் கொசுவலைக்குள்தான் போகும். முகாமில் ஆளுக்கு ஆள் முழுக் கை நீளம் இடம் தருகிறார்கள். அதற்காக ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருக்கவும் சம்மதித்தேன்.

ஏற்பாடுகளில் குறை வைக்கவில்லை. உள்ளங்காலுக்கு விளக்கெண்ணெய் தேய்த்தேன். வெள்ளைப் பருத்திச் சேலை எடுத்தேன். காரத்தை விட்டேன். மௌனப் பயிற்சியை விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் தொடங்கினேன். தட்டைப் பார்த்துக்கொண்டு நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டதைக் கண்டு வார்டன் பயந்துபோய், மறுநாளே சமையல்காரரை மாற்றிவிட்டார். மூன்று வருடம் கத்தியும் நடக்காதது அது. எனக்கு இது பெரிய அவமானமாக இருந்தது.

பிறகு வெற்றிடம் எடுக்கத் திண்டுக்கல்லுக்கு, வீட்டுக்குப் போனேன்.

எங்கள் வீட்டில் காலியாக இருப்பது ஒரே ஒரு இடம்தான். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், நான் பாய் போட்டுப் படுக்கிற இடம். நான் விடுதிக்குப் போனதிலிருந்து அதில் ஒரு துணிக்கூடையைக்கூட வைக்க அம்மா விட்டதில்லை. அண்ணன் இளம்பரிதி வாங்கிய உடற்பயிற்சி பெஞ்ச் வாசலில் கிடந்து மழையில் நனைகிறது. அவன் கேட்கும்போதெல்லாம் அம்மாவிடம் ஒரே பதில்தான்: "அது அவ எடம்டா."

நான் விஷயத்தைச் சொன்னதும், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"அத எடுத்துட்டுப் போயிட்டா, லீவுக்கு வந்தா எங்கடி படுப்ப?"

"முகாம் முடிஞ்சதும் திருப்பித் தருவாங்கம்மா."

"அதே எடத்தத் தருவாங்களா? எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டுறாங்கன்ற."

"வெற்றிடத்துல உன்னுது என்னுதுன்னு கெடையாதும்மா. அத்வைதம்."

"ஆமா, என் இட்லிக் குண்டான வாங்கிட்டுப் போன மாடிவீட்டுக்காரியும் இதத்தான் சொல்றா."

அண்ணன் குறுக்கே வந்தான். "கொண்டுட்டுப் போகட்டும்மா. நான் பெஞ்சப் போட்டுக்கறேன்."

"எடத்தையே கொண்டுபோறேங்கறேன். பெஞ்ச எங்க போடுவ, என் தலையிலயா?" என்றேன்.

அண்ணன் யோசித்தான். யோசிக்க வேண்டியிருந்தால் கையில் இருக்கும் டம்பெல்லைக் கீழே வைத்துவிடுவான்.

கடைசியில் அம்மாவே பெரிய தூக்குவாளியை எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்துக் கொடுத்தாள். சாம்பார் வாசம் இருந்தால் வெற்றிடம் இறங்காது. மத்தியானம் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாளியைத் திறந்து இடத்தின் நடுவில் வைத்தோம். மூன்று பேரும் சமையலறையில் சத்தமில்லாமல் நின்றோம். வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்தபோது எல்லாம் இறங்கியிருந்தது. பீரோ தரையை உரசிக்கொண்டு வந்து ஜன்னலோடு ஒட்டி நின்றது. நான் வாளியை மூடினேன்.

அம்மா பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே ஜன்னக் கொக்கியப் போட முடியாது," என்றாள். பிறகு, "போய் மூஞ்சியக் கழுவிட்டு வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றாள்.

பஸ்ஸில் வாளியை மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே என்ன என்று கண்டக்டர் கேட்டார். படுக்கிற இடம் என்றேன். அப்படியானால் ஸ்லீப்பர் பஸ்ஸில்தான் ஏற்ற வேண்டும் என்று கொஞ்ச தூரம் முணுமுணுத்தார். அதற்குள் நான் மௌனத்துக்குத் திரும்பிவிட்டதால் பிழைத்தார்.

முகாம் வாசலில் எனக்கு முன்னால் ஒரு கடற்கரை பங்களாக்கார அம்மாள். அவருடைய வெற்றிடம் டிரம் டிரம்மாக டெம்போவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மாதங்கி அக்கா அவரைக் கைகூப்பி உள்ளே அனுப்பிவிட்டு, என் தூக்குவாளியின் மூடியைத் திறந்தார்.

வெற்றிடத்தின் நடுவில், வாழையிலைத் துண்டின்மேல், இரண்டு அதிரசம் உட்கார்ந்திருந்தன.

வெறும் பாத்திரத்தை வீட்டைவிட்டு அனுப்பினால் அம்மாவுக்கு ஆகாது. நான் முகம் கழுவிய நேரம் அவளுக்குப் போதும்.

"இது காலியா இல்லியேம்மா," என்றார் மாதங்கி அக்கா.

"இருக்குக்கா. அதிரசம் இருக்கற எடம் போக மிச்சமெல்லாம் காலி."

"அப்படிக் கணக்குக் கெடையாது கண்ணு. வேற கொண்டுவா."

"வேற இல்லக்கா. எங்க வீட்ல இருந்ததே இது ஒண்ணுதான். இப்ப அங்க நான் படுக்கக்கூட எடமில்ல." மௌனம் போய்விட்டது. போனது போகட்டும் என்று தொடர்ந்தேன். "அந்த அம்மா கொண்டுவந்த ஹால், யாரும் வராம சும்மாக் கெடந்தது. இது, எங்க அம்மா ஒருத்தரையும் உட்கார விடாம மூணு வருஷம் காத்து வச்சது. எது சுத்தமான காலி, நீங்களே சொல்லுங்க."

மாதங்கி அக்கா கண்களை மூடிக்கொண்டார். தியானத்திலேயே கையை விட்டு ஒரு அதிரசத்தை எடுத்துத் தின்றார்.

"பாகு பதம் சரியா இருக்கு. உள்ள போ."

இன்னொரு அதிரசம் வெற்றிடத்தோடு சேர்ந்து வட்டத்தின் நடுவில் விழுந்துவிட்டது. நடுவுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது என்பதால் அதை எடுக்க வழியில்லை. ஒரு வாரம் அதைச் சுற்றி ஆடினோம். நான் இரண்டு கைகளையும் நீட்டினேன். முதல் நாள் தயங்கின, பிறகு பழகிக்கொண்டன. பங்களாக்கார அம்மாள் கடைசி நாளில் கண்ணீர் விட்டு, மையத்தில் பொன்னிறமாக ஒன்று தெரிந்தது என்று ஜாடையில் சொன்னார். எல்லோரும் அவரை வணங்கினார்கள். நானும் வணங்கினேன். வாயைத் திறந்திருந்தால் அதிரசம் என்றிருப்பேன்.

கிளம்பும்போது அவரவர் வெற்றிடத்தை அவரவர் பாத்திரத்தில் இறக்கிக் கொடுத்தார்கள். என் தூக்குவாளியைக் கையில் எடுத்த மாதங்கி அக்கா தயங்கி நின்றார். பலகாரத்தோடு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்ப அவருக்கும் மனம் வரவில்லை. முகாமில் பலகாரம் கிடையாது. இருந்ததைப் போட்டார்: நாங்கள் ஆடிய சுற்றில் ஒரு கரண்டி.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தேன். பீரோ பழையபடி தள்ளி நின்றது. அம்மா குனிந்து மோந்து பார்த்து, "நம்ம எடம்தான்," என்றாள். இடம் தரையில் விரிந்து, ஒரு நிமிடம் சும்மா கிடந்து, மெல்லச் சுற்றத் தொடங்கியது.

"இதுல பெஞ்சப் போட்டா சுத்திக்கிட்டே எடை தூக்கலாம்," என்றான் அண்ணன்.

"அது அவ எடம்டா."

சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்துப் படுத்தேன். பீரோ வரும்போது முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள். என் தலை வடக்குப் பக்கம் வரும்போதெல்லாம் தோளில் தட்டுகிறாள். நான் எழுந்து உட்காருகிறேன். வடக்கு தாண்டியதும், "ம், படு," என்கிறாள்.