கக்கலும் அலாரமும்

தென்காசி ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைப் பிரிவில், ஹுஸ்னா தன் மகனை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். முப்பதாவது வாரத்தில் பிறந்தவன், எடை ஒன்றேகால் கிலோ. திடீர் திடீரென்று மூச்சை நிறுத்துவான். உடனே மானிட்டர் அலறும்.

கணவனின் அக்கா ஜுஹைனா ஒரு மருந்துப் பாட்டிலை நீட்டினாள். துபாயிலிருந்து ஹுஸ்னாவின் கணவன் ரிஃபாத் ஊர்க்காரர் கிதிர் முகம்மதுவிடம் கொடுத்தனுப்பியது.

"குடிச்ச பாலையெல்லாம் கக்குதான். அதான் மூச்சை அடைக்குது. ரெண்டு சொட்டு விடு, நின்னுரும். துபாய் மருந்து, ஏட்டி!"

"விடமாட்டேன் மைனி."

"பெத்து ஒரு மாசம் ஆகல, டாக்டர் ஆயிட்டியோ?"

"டாக்டரம்மாவும் வேண்டாம்னுட்டாங்க. இதைப் பாருங்க."

ஹுஸ்னா ஒரு தாளை எடுத்தாள். என் பால்தான் பிள்ளைக்கு எமனோ என்று முதலில் அவளும் அழுதவள்தான். "அழாம கக்கல், அலாரம் ரெண்டையும் எழுதிப் பாரு" என்று நர்ஸ் இசக்கிச்செல்விதான் சொன்னாள். நாலு நாளில் கக்கல் இருபத்து மூன்று, அலாரம் பதினொன்று. இரண்டும் அடுத்தடுத்து வந்தது ஒரே ஒரு தடவை.

"குறைமாசப் பிள்ளைக்கு ரெண்டுமே அடிக்கடி வரும் மைனி. குற்றாலத்துல சாரல் விழும்போது மங்குஸ்தானும் குவியுது. மங்குஸ்தான் வந்ததாலயா சாரல் விழுது?"

"பிறகு மூச்சு ஏன் நிக்குது?"

"மூச்சு விடுன்னு சொல்லுற இடம் மூளையில இன்னும் முதிரல. அசந்து தூங்கினா சொல்ல மறந்துருது. அதைத் தட்டி எழுப்பத்தான் கேஃபீன் கொடுக்காங்க, நம்ம காப்பியில உள்ளதுதான். உங்க மருந்து வயித்து அமிலத்தைக் குறைக்கும். கிருமியைத் தடுக்கதே அந்த அமிலம்தான்."

அப்போது மானிட்டர் அலறியது. பிள்ளையின் நெஞ்சு அசையவில்லை.

"யா அல்லாஹ்! விடுட்டி மருந்தை!" ஜுஹைனா பாட்டிலைத் திறந்தேவிட்டாள்.

ஹுஸ்னா ஒரு கையால் அவளைத் தடுத்தாள், மறு கையால் பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. சின்ன நெஞ்சு விம்மி எழுந்தது. இசக்கிச்செல்வி ஓடி வருவதற்குள் அலாரம் ஓய்ந்தது.

"மைனி, அவன் வாயைத் துடைச்சுப் பாருங்க. கக்கியிருக்கானா?"

ஜுஹைனா துணியால் ஒற்றிப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. கடைசியாகப் பால் கொடுத்து இரண்டு மணி நேரமாகியிருந்தது.

"...இல்ல."

"அப்ப அலாரம் பக்கத்துல பன்னிரண்டுன்னு நீங்களே எழுதுங்க. எனக்குக் கை ஒழியல."

ஜுஹைனா முணுமுணுத்தபடி எழுதினாள். "இருந்தாலும் துபாய் மருந்துட்டி..."

"மூடியை இறுக்கி மூடி கிதிர் முகம்மது அண்ணன்ட்டயே கொடுத்தனுப்புங்க" என்றாள் ஹுஸ்னா. "உங்க தம்பிக்கு நெஞ்சு கரிக்கும்போது குடிச்சுக்கிடட்டும். என் பிள்ளைக்கு என் பால் போதும்."