குடோனில் யாரும் பார்க்காத ஆள்

இடக்கைக்காரனோடு கை குலுக்கிய அன்றைக்கே கீப்பருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

கீப்பர் என்பது அவருடைய தொழில் இல்லை. தொழில், குழாய் ரிப்பேர். பத்தொன்பது வருடமாகக் கிளப் அணியில் ஸ்டம்புக்குப் பின்னால் குந்திக்கொண்டிருப்பதால், அடைத்துக்கொண்ட சிங்க்கைச் சரி பண்ணப் போகிற வீட்டிலும் "கீப்பர் வந்துட்டார்" என்றுதான் கதவைத் திறப்பார்கள். கையைத் தொட்டால் ஆள் என்ன வேலை செய்கிறவன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். மூட்டை தூக்குகிறவனுக்கு விரல் மடிப்பில் காய்த்திருக்கும். அட்டைப்பெட்டியோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு விரல் நுனி வறண்டு வெடித்திருக்கும். புதிதாக அணிக்கு வந்த இந்த இடக்கை பேட்ஸ்மேன், "டைல்ஸ் குடோன்ல லோடு ஏத்தி இறக்குற வேலைண்ணே" என்று சொல்லிக் கையைக் கொடுத்தபோது, மட்டை பிடித்த காய்ப்பு மட்டும்தான் தட்டுப்பட்டது. மற்ற இடமெல்லாம் வெண்ணெய்.

அந்த லீக்கில் காசு வாங்கிக்கொண்டு ஆடக் கூடாது. பகலெல்லாம் பிழைப்பைப் பார்த்துவிட்டு விடுமுறை நாளில் ஆடுகிறவர்களின் லீக் அது. சம்பளத்துக்கு ஆள் பிடித்தால் புள்ளியைப் பறித்துக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். கிளப்பில் எல்லாருக்கும் தெரிந்த விதிதான். இடக்கைக்காரன் முதல் மூன்று ஆட்டத்தில் இரண்டு சதம் அடித்ததும் அந்த விதி ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அவனைக் கூட்டிவந்தவர் கிளப் தலைவர். டைல்ஸ் கடை முதலாளி, கீப்பர் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். "நம்ம சிநேகிதர் குடோன்ல வேலைக்குச் சேர்ந்திருக்கான். நல்லா ஆடுவானாம். அதிர்ஷ்டம் பாரு மாப்பிள்ளை" என்றார். அதிர்ஷ்டம் என்று சொல்லும்போது மச்சான் தன் முகத்தைப் பார்க்காமல் சாவிக்கொத்தைப் பார்த்தார் என்பதைக் கீப்பர் கவனித்தார். கவனித்ததை மனசுக்குள் பத்திரமாக முடிந்துவைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை காலை இரண்டு பயிற்சி வலைகளும் முதல் அணிக்கு மட்டும். ஒன்பது வருடமாகச் சனிக்கிழமை காலை வலை தெருவில் இருக்கிறவர்களுக்கானது. கட்டணம் கிடையாது, வயது கிடையாது. ஓய்வுபெற்ற தபால்காரர் வருவார். சலவைக் கடை அக்கா வருவாள். பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸ், இரவு டியூட்டி முடித்து முகம் கழுவின கையோடு வந்து ஆஃப் ஸ்பின் போடுவார். முப்பது பேருக்குக் குறையாது. சொல்லிக்கொடுப்பது, பந்து பொறுக்குவது, சண்டையை விலக்குவது எல்லாம் கீப்பர்தான்.

"நாங்க எங்க போறது?" என்று கேட்டார்.

"வண்டி நிறுத்துற இடம் சும்மாதானே கிடக்கு" என்றார் மச்சான்.

அங்கே தரை முழுக்க ஜல்லி. முப்பது பேரும் ஜல்லிக்குப் போனார்கள்.

அதற்கு மூன்றாவது வாரம், கேட்காமலே ஒரு வாய்ப்பு வந்து சேர்ந்தது. இடக்கைக்காரன் வேலை பார்ப்பதாகச் சொன்ன அதே குடோனில் கழிப்பறைக் குழாய் வெடித்துவிட்டது. உடனே வாங்க என்று அழைப்பு. கீப்பர் வால்வை மூடி, பழைய இணைப்பை அறுத்தெடுத்துப் புதுசை மாட்டிக்கொண்டே, துடைப்பத்தோடு நின்ற மேற்பார்வைக்காரம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார்.

"இங்க ஒருத்தர் கிரிக்கெட் ஆடுறவராமே. இடக்கை."

"இங்கயா? இங்க இருக்கிற பன்னண்டு பேருக்கும் முதுகுவலி. வலக்கையையே தூக்க மாட்டேங்கிறான். இடக்கைக்கு எங்க போறது?"

கை கழுவப் போன இடத்தில், சுவரில் வருகைத் தாள் தொங்கியது. பதின்மூன்று பெயர். கடைசிப் பெயர் இடக்கைக்காரனுடையது. எல்லா நாளும் வந்ததாக ஒரே பேனாவில், ஒரே சாய்வில் டிக்.

அன்றிலிருந்து கீப்பருக்குப் பார்க்கிறதெல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. செயலாளர் சிரித்தால், ஏன் சிரிக்கிறார்? ஸ்கோர் எழுதுகிறவர் வண்டிக்குப் புது டயர் போட்டிருந்தால், யார் போட்டுக் கொடுத்தது? ஓய்வறையில் இரண்டு பேர் தலையைச் சேர்த்துவைத்துப் பேசினால், தான் உள்ளே போனதும் பேச்சு நின்றதா, இல்லை பேச்சே முடிந்துவிட்டதா? இதில் ஆட்டமும் கெட்டது. சுலபமான கேட்ச் இரண்டு கைநழுவிப் போனது. ஒவ்வொரு பந்துக்கும் இடையில் அவர் பந்தை விட்டுவிட்டு ஸ்லிப்பில் நின்ற இடக்கைக்காரனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் சந்தேகம் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.

மனைவி புதன்கிழமைகளில் சாப்பாட்டு டப்பாவோடு அம்மா வீட்டுக்குப் போவாள். எப்போதும் ஒரு டப்பா. இப்போது இரண்டு.

"அத்தைக்கு இப்ப ரெண்டு வேளையும் நீதான் சமைக்கிறியா?"

"அம்மாவுக்கு முட்டிவலிங்க. நிக்க முடியல" என்றாள். சொல்லிவிட்டு இல்லாத தூசியைத் தட்டினாள்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் அந்தத் தெருவில் ஒரு தொட்டி கழுவும் வேலை இருந்தது. இல்லாவிட்டாலும் கீப்பர் போயிருப்பார். மாமியார் வீட்டு மாடியறை மாமனார் போனதிலிருந்து பூட்டியே கிடந்த அறை. இன்றைக்கு ஜன்னல் திறந்திருந்தது. கொடியில் கிளப்பின் பயிற்சிச் சட்டை காய்ந்தது. பக்கத்தில் முழங்கால் உறை ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. படிக்கட்டின் கீழே மனைவியின் செருப்பு இல்லை; அது வாசலில் மாமியார் செருப்போடுதான் கிடந்தது. அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். விட்ட மறுகணமே தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இப்படியும் ஒரு நினைப்பு தனக்கு வந்ததே என்று குழாய்ப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கதவைத் தட்டாமலே திரும்பினார்.

ஆக, தங்க இடம் மாமியார் வீடு, சாப்பாடு தன் வீட்டு அடுப்பு, சம்பளம் குடோன் தாளில். தன்னைத் தவிர எல்லாருமாகச் சேர்ந்து நடத்துகிற காரியம்.

மச்சானை ஒரு கை பார்த்துவிடுவது என்று டைல்ஸ் கடைக்குப் போனார். போனவரை மச்சான் பேசவே விடவில்லை.

"வா மாப்பிள்ளை. ஆறு வருஷம் கடைசி இடம். போன சீசன்ல பதினோரு பேர் சேரலன்னு ரெண்டு ஆட்டத்தை விட்டுக் கொடுத்தோம். ஞாபகம் இருக்கா? இப்ப பாரு, ஞாயித்துக்கிழமை நாப்பது பேர் வந்து உக்காந்து பாக்குறாங்க. ஜெயிக்கிற அணிக்குத்தான் ஆள் வரும்."

"சனிக்கிழமை முப்பது பேர் வர்றாங்களே, மச்சான்."

"வர்றாங்க. ஒன்பது வருஷத்துல அதுலேர்ந்து முதல் அணிக்கு எத்தனை பேர் வந்தாங்க?"

கீப்பர் மென்று விழுங்கினார். "ரெண்டு."

"அதுல ஒருத்தன் ஊரை விட்டே போயிட்டான். கிளப் மூடிட்டா உன் முப்பது பேர் எங்க ஆடுவாங்க? சொல்லு."

கேட்க வந்ததைக் கீப்பர் விட்டுவிட்டார். "வாஷ்பேசின் மாதிரி ஏதாவது புதுசா வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார். தெருமுனை வரைக்கும் தன்னைத்தானே திட்டிக்கொண்டே நடந்தார்.

அந்தச் சனிக்கிழமை பந்து போட ஓடிவந்த நர்ஸ் ஜல்லியில் சறுக்கி விழுந்தார். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு வலைகளிலும் மாறி மாறி ஆடிக்கொண்டிருந்த ஒரே ஒரு இடக்கைக்காரனைப் பார்த்தார். "ரெண்டு வலை ஒருத்தருக்கு எதுக்குண்ணே?" என்றார். கீப்பர் தரையைப் பார்த்துக்கொண்டு பனிக்கட்டியை வைத்து அழுத்தினார். தெரிந்ததைச் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து லீக்கிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் கிளப்பில் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து ஆடவைப்பதாகப் புகார், புகாரின் நகல் இணைப்பு, விளக்கம் தேவை. செய்தி கிளப் முழுக்கப் பரவ அரைநாள் ஆகவில்லை. யார் எழுதியது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமே இல்லை.

ஓய்வறையில் கீப்பர் நுழைந்ததும் பேச்சு நின்றது. இந்த முறை நிஜமாகவே நின்றது. அவருடைய கையுறையை யாரோ பெஞ்சிலிருந்து தரையில் தள்ளியிருந்தார்கள். ஸ்கோர் எழுதுகிறவர், "குழாய்க்காரருக்கு ஓட்டையை அடைக்கத்தான் தெரியும்னு நினைச்சேன்" என்று சுவரிடம் சொன்னார். வீட்டுக்கு வந்தால் மனைவி சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரில் நின்றாள்.

"நீங்களா எழுதினீங்க?"

"நான் எழுதல."

"அண்ணன் நீங்கதான்னு சொல்றார்."

"மாடியறையில ஒரு ஆளை வெச்சு ரெண்டு மாசமா சோறு போட்டியே, நீ சொன்னியா?"

அவள் முகம் வெளிறியது. பிறகு கண் நிறைந்தது. "அண்ணன் வாயைத் திறக்காதேன்னார். உங்களுக்குத் தெரிஞ்சா சண்டை வரும்னு நானும் பயந்தேன். அவருக்கும் உங்களுக்கும் நடுவுல நான் என்னங்க பண்ணட்டும்?"

எழுந்து போய்க் கையைக் கழுவினார். எழுதவில்லை என்று அவர் சொன்னதை அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. தானும் எத்தனை பேரை இப்படிச் சந்தேகத்தோடு பார்த்தோம் என்று எண்ணிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம்; உறுப்பினர்களின் குடும்பத்துக்கும் சனிக்கிழமை வலைக்காரர்களுக்கும்கூட ஓட்டு உண்டு. ஓய்வறையில் நாற்காலி போதாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள். மச்சான் கடிதத்தைப் படித்தார். இணைப்பில் இருந்த புகாரின் முதல் பக்கத்தையும் படித்தார். படித்துவிட்டுக் காகிதத்தை மேஜையில் வைத்துத் தட்டினார்.

"பேரைச் சொல்ல தைரியம் இல்லாத மொட்டைக் கடுதாசி. எழுதினவர் இந்த அறையிலதான் இருக்கார்." எல்லாத் தலையும் கீப்பர் பக்கம் திரும்பியது.

"இருக்கேன்" என்று ஒரு குரல். நர்ஸ் கட்டுப்போட்ட காலை நாற்காலியிலிருந்து இறக்கி எழுந்து நின்றார். "மொட்டைக் கடுதாசி இல்லீங்க. ரெண்டு பக்கம் எழுதினேன். ரெண்டாவது பக்கத்துல என் பேர், வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் இருக்கு. திருப்பிப் பாருங்க."

மச்சான் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"உங்களுக்கு யார் சொன்னது?" என்று செயலாளர் கேட்டார். கண் இன்னும் கீப்பர் மேலேயே இருந்தது.

"அவர்தான்" என்று நர்ஸ் இடக்கைக்காரனைக் காட்டினார். "முழங்காலுக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்கு வந்தார். உங்களுக்குச் சம்பளம் தர்றாங்களான்னு கேட்டேன். ஆமான்னார்."

கீப்பருக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. குடோன் சுவர், கொடியில் சட்டை, டைல்ஸ் கடை வாசல் என்று இரண்டு மாதம் அலைந்து சேர்த்ததை, இந்தப் பெண் ஊசி போடுகிற நேரத்தில் ஒரே கேள்வியில் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

இடக்கைக்காரன் எழுந்தான். "நான் யார்கிட்டயும் மறைக்கணும்னு நினைக்கல. கேக்குறவங்க இல்ல, அவ்வளவுதான். ஆறு வருஷத்துல இது அஞ்சாவது கிளப். முட்டி போயிட்டா ஆறாவது கிளப் கிடையாது. அது வரைக்கும் யார் கூப்பிட்டாலும் போவேன். எனக்கு வேற தொழில் தெரியாது." சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவன்மேல் கோபப்படக் கீப்பருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது கீப்பர் எழுந்தார். "எனக்கும் தெரியும். ரெண்டு மாசமா தெரியும். சொந்தக்காரர்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன். அதனால சிஸ்டர் கால் பிசகிச்சு. மச்சான் கேட்டது நியாயம், ஒன்பது வருஷத்துல ரெண்டே பேர்தான் மேல வந்தாங்க. ஆனா இருந்த வலையையும் பிடுங்கிட்டா இனி எப்படி மேல வருவாங்க?"

யாரும் கை தட்டவில்லை. மச்சான் அரைமணி நேரம் வாதாடினார். பொய் சொல்லவில்லை, கிளப்பைக் காப்பாற்றத்தான் என்றார். அதில் பாதி உண்மையும் இருந்தது. கடைசியில் உள்ளதை உள்ளபடி லீக்குக்கு எழுதுவது என்று மூன்று கை வித்தியாசத்தில் முடிவானது. பின்வரிசையில் தன் மனைவி கையைத் தூக்கியதைக் கீப்பர் பார்த்தார். அண்ணனைப் பார்த்துக்கொண்டே தூக்கினாள்.

லீக் புள்ளிகளைப் பறித்துக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளியது. இடக்கைக்காரன் மறு வாரமே பெட்டியைக் கட்டினான். போகும்போது மாமியாரிடம் மாடியறையைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்துவிட்டுப் போனானாம். முதல் அணியில் இன்னும் நான்கு பேர் வேறு கிளப் தேடிப் போனார்கள். மச்சான் தலைவர் பதவியை விட்டார், கீப்பரோடு பேச்சையும் விட்டார்.

அடுத்த சீசனின் முதல் ஆட்டத்துக்குப் பதினோரு பேரில் ஐந்து பேர் சனிக்கிழமை வலையிலிருந்து வந்தவர்கள். தபால்காரர் மிட் ஆனில் நின்றார். பந்து பக்கத்தில் வந்தால் வாழ்த்தி அனுப்பினார். எட்டு விக்கெட் வித்தியாசத்தில் தோற்றார்கள். எதிரணியின் இரண்டு விக்கெட்டும் நர்ஸுக்கு, ஒன்று ஸ்டம்பிங்.

மத்தியானத்துக்கு மேல் மச்சான் எல்லைக் கோட்டருகே வந்து நின்றார். வேடிக்கை பார்க்க வந்தாரா, சிரிக்க வந்தாரா என்று கீப்பர் கையுறையைக் கழற்றியபடி நோட்டம் விட்டார். பழைய பழக்கம், லேசில் போகாது.

மச்சான் பக்கத்தில் வந்தார். பிறகு, "அந்தம்மா பந்து நல்லா திரும்புது" என்றார்.

"திரும்புது" என்றார் கீப்பர்.

"மிட் ஆனுக்கு வேற ஆளைப் போடு, மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, மச்சான் தன் வண்டியை நோக்கி நடந்தார்.