இரண்டாவது தடவை கேட்ட டாக்டர்

நேமிகுமார் சேலையைத் தராசில் வைத்துவிட்டு எடையைப் பார்க்கவில்லை. எதிரே நின்ற நெசவாளி பலராமனின் முகத்தைத்தான் பார்த்தார். பட்டு நூலையும் சரிகையையும் எடை போட்டுக் கொடுத்து, நெய்த சேலையை எடை போட்டே வாங்குவது ஆரணியில் அவருடைய தொழில். சரிகை பத்தவில்லை என்று யாராவது இரண்டாவது தடவை கேட்டால், முதலில் கொடுத்தது திருட்டுப் போயிருக்கிறது என்பது அவர் கணக்கு. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் யாரையும் எளிதில் நம்பிவிட மாட்டார்.

அதே கணக்கை வேலூர் டாக்டரிடமும் போட்டார். மனைவி அனுபமாவின் பின்தொடையில் வலியில்லாத கட்டி ஒன்று. ஊசியால் சதை எடுத்துப் பார்த்ததில் சாதாரணக் கட்டி என்றுதான் வந்தது. இரண்டு மாதம் கழித்துப் போனபோது டாக்டர் மணிமேகலை கட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு யோசித்தார்.

"ரிப்போர்ட்ல சாதுவாத்தான் இருக்கு. ஆனா சாதுவான கட்டி இவ்வளவு வேகமா வளராது. இது என்னன்னு எனக்கே இன்னும் தெரியலைங்க. மறுபடியும் சதை எடுத்து, அபூர்வக் கட்டிங்களையே பாக்கற சென்னை நிபுணருங்களுக்கு அனுப்பணும்."

நேமிகுமாருக்குச் சுருக்கென்றது. வெளியே வந்ததும் மனைவியிடம் குரலைத் தாழ்த்தினார்.

"பாத்தியா? மொதல்ல ஒண்ணுமில்லன்னாங்க, இப்போ தெரியலன்றாங்க. தெரியாதவங்க இன்னாத்துக்கு டாக்டர்னு உக்காந்துகினு இருக்காங்க? சென்னையில கமிஷன் இருக்கும்."

"எனக்கு பயமா இருக்குங்க. அவங்க சொன்ன மாதிரி சதை எடுத்து அனுப்பிடலாமே."

"சும்மா இரு. ரெண்டாவது தடவை கேக்கறவங்கள எனக்குத் தெரியும்."

கட்டியில் ஊசி குத்தினால் நோய் பரவும் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. எல்லாக் கட்டியும் கரையும் என்று அடித்துச் சொன்ன ஒருவரிடம் படவேடு வரை போய்ப் பச்சிலைப் பற்று வாங்கி வந்தார். மருத்துவமனையிலிருந்து வந்த போன்களை எடுக்கவே இல்லை. இவ்வளவு விரட்டுகிறார்கள் என்றால் ஏதோ இருக்கிறது என்று சந்தேகம் இன்னும் தடித்தது.

நான்கு மாதம் போனது. அனுபமாவின் பாதம் மரத்து, நடக்கையில் செருப்பு தானாகக் கழன்றது. ஒருநாள் அவள் யாரையும் கேட்காமல் வேலூர் பஸ் ஏறிவிட்டாள். நேமிகுமார் பதறிப் பின்னாலேயே ஓடினார். அன்றே டாக்டர் மறுபடியும் சதை எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

சென்னையிலிருந்து முடிவு வந்த அன்று டாக்டர் யாரையும் குறை சொல்லவில்லை.

"இது ரொம்ப அபூர்வமான புற்றுநோய்ங்க. பாக்க சாதுவா இருந்து ஏமாத்தும். நல்லவேளை, வேற எங்கயும் பரவல. எடுத்துடலாம். ஆனா இப்போ நரம்பைச் சுத்திக்கிச்சு, நரம்பையும் சேத்துத்தான் எடுக்கணும். அந்தப் பாதத்தை இனிமே தூக்க முடியாது."

"அப்பவே வந்திருந்தா?" என்று கேட்டார் நேமிகுமார்.

"நரம்பைக் காப்பாத்தியிருக்கலாம்."

நேமிகுமார் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். வெட்கமும் பயமும் சேர்ந்து அவருக்கு அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்த அனுபமா அவரைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை.

"சந்தேகப்படறது தப்பில்லங்க. அந்த டாக்டரம்மாவும் சந்தேகப்பட்டாங்க, ஆனா அவங்க நோயைச் சந்தேகப்பட்டாங்க. தெரியலன்னு உண்மையச் சொன்னவங்கள நீங்க திருடின்னு நெனச்சீங்க. எல்லாம் தெரியும்னு சொன்னவன நம்பினீங்க. அதுக்கு என் காலுதான் போச்சு."