உப்பு விழாத கரைசல்

கரைசல் கலக்கும் ஊழியருக்கு ஆய்வகத்தில் ‘சொட்டு அண்ணன்’ என்று பெயர். அரைச் சொட்டு கூடினாலும் அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். அப்படிப்பட்டவர் மேல்தான் ஆராய்ச்சி மாணவி புகார் எழுதிக் கொடுத்தாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை, மூன்று வருட உழைப்பு. இரண்டு உலோக அயனிகள். இரண்டுமே நேர்மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று கண்டால் விலகி ஓடும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான் தாவுவதற்குள் நமக்கு விடிந்துவிடும். எதிர்மின்சுமை கொண்ட, நீள இழை போன்ற பாலிமரை ஒரு துளி சேர்த்தால் இரண்டும் அந்த இழையில் வந்து ஒட்டிக்கொள்ளும். நெருங்கிவிட்ட பிறகு தாவுவதற்கு எவ்வளவு நேரம்? வினையின் வேகம் ஆயிரம் மடங்கு ஏறியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பாலிமரைக் கூட்டினால் வேகம் இன்னும் ஏறும் என்று பேராசிரியரிடம் சவடாலாகச் சொல்லியும்விட்டாள். கூட்டினாள். இறங்கியது. மேலும் கூட்டினாள், மேலும் இறங்கியது. கரைசலில் உப்பு கலந்தாலும் இப்படி ஆகும்; உப்பின் அயனிகள் இழையில் இடம்பிடித்து மற்றவற்றை வெளியே தள்ளிவிடும். அண்ணன் குடுவையைச் சரியாகக் கழுவவில்லை, அதில் ஒட்டியிருந்த உப்பு கலந்துவிட்டது என்று எழுதிவிட்டாள். அவர் தற்காலிக ஊழியர், நிரந்தரமாக்கும் கோப்பு துறைத் தலைவரின் மேசையில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினாள்.

மறுநாள் காலை தானே குடுவை கழுவி, தானே எடை போட்டுக் கலக்கினாள். வேகம் அதே அளவு இறங்கியது. அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தாள். காத்திருக்கும் அறையில் ஒரே பெஞ்சு என்றால் ஆகாதவர்களும் ஒட்டித்தான் உட்கார வேண்டும். இருபது பெஞ்சு போட்டால் ஆளுக்கொரு மூலை. இழைகள் பெருகியதும் அயனிகள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டன, அவ்வளவுதான். இதை யோசிக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் மகராசி புகார் எழுதினாள்.

அதைத் திரும்ப வாங்க ஓடினாள். துறைத் தலைவரின் அறையிலிருந்து அண்ணன் வெளியே வந்துகொண்டிருந்தார்.

“அண்ணே, உப்பெல்லாம் கலக்கல. உங்க மேல தப்பே இல்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்.”



“என் தப்புதான்னு இப்பத்தாம்மா கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன். நல்லாக் கழுவின மாதிரிதான் ஞாபகம். ஆனா நீ மெஷின்ல அளந்து பாத்துச் சொல்றே. நீ சொன்னா சரியாத்தானே இருக்கும்னு நெனச்சேன்.”

வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது. கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.