கூரையில் வெயில்

ரின்ஸேயின் கட்டில் தெருவைப் பார்த்த முன்னறையில் கிடந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். அது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் சுவரோரக் கருவி வரை போனது. அந்தக் குழாய் எட்டும் தூரம்தான் அவருடைய வீடு.

நண்பகலில் கருவி நின்றது. ஊர் முழுக்க மின்சாரம் போயிருந்தது.

"பதறாத," என்றார் மனைவி ஆஃப்கேயிடம். "கூரை மேல பன்னெண்டு சோலார் பேனல் இருக்கு."

அந்தத் தைரியத்தில்தான், அறை அடைசலாக இருக்கிறதென்று, அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

ஆஃப்கே பரணுக்கு ஏறினாள். பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு மாற்றித் தரும் இன்வெர்ட்டரில் ஒரு விளக்கும் எரியவில்லை. பேனல் பொருத்தியவனைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அது அப்படித்தான் மேடம். லைன் செத்தா இதுவும் தானா நின்னுடும். இல்லாட்டி லைன்ல வேலை பாக்கறவனுக்கு ஷாக் அடிக்கும்."

"இங்க வெயில் கொளுத்துதுப்பா."

"கொளுத்தட்டும். பேட்டரியும் அதுக்குத் தனி இணைப்பும் வேணும். நீங்க வேணாம்னுட்டீங்க."

ஆஃப்கே அழைத்த ஆம்புலன்ஸ் கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்றது. பாய்மரப் படகுக்காகத் தூக்கிய பாலம், கரண்ட் போனதும் தூக்கியபடியே நின்றுவிட்டது. ஊருக்குள் வர வேறு வழியில்லை.

ரின்ஸேயின் உதடு நீலம் பூத்தது.

எதிர்வீட்டு வாசலில் டோவே விடுமுறைக்காக, காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் கேரவனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். ஆஃப்கே ஓடினாள்.

"உன் வண்டி மேல இருக்கிற பேனல் வேலை செய்யுதா?"

"ஏன் செய்யாது? அது தெரு லைனைக் கண்டதே இல்ல. நேரா பேட்டரிக்குப் போகுது."

கேட்டு முடிப்பதற்குள் அவர் முகாமுக்கு வைத்திருந்த மின்கம்பிச் சுருளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாசல் கதவின் தபால் துவாரத்தின் வழியே கம்பி உள்ளே நுழைந்தது. கருவி இருமிவிட்டு ஓடியது.

"உன் ஓட்டை வண்டியா எனக்கு மூச்சு கொடுக்குது," என்றார் ரின்ஸே.

"வாயை மூடு," என்றார் டோவே. "பேசினா பேட்டரி தீரும்."

"நிஜமாவா?"

"இல்ல. நீ பேசறது புடிக்கல."

டோவே கேரவனின் குளிர்பெட்டியை அணைத்தார். பிரான்ஸுக்கு வைத்திருந்த பாலாடைக்கட்டி வியர்த்தது. பேட்டரி பாதிக்கு வந்தது, பிறகு கால் பங்குக்கு. ஒரு பேனலால் ஈடுகொடுக்க முடியவில்லை. மூவரும் கருவியின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆம்புலன்ஸ்காரி யாரோ ஒருவரின் துடுப்புப் படகில் சிலிண்டரோடு கால்வாயைக் கடந்து வந்தாள். பழைய குழாயைக் கழற்றப் போனாள்.

ஆஃப்கே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சிலிண்டர் சீறும் ஒலியைக் கேட்ட பிறகே விட்டாள்.